அருஷாப் பிரகடனமும் தன்சானியக் குடியானவரும்

இரண்டாம் உலகப்போரின் பின்னர் அரசியல் விடுதலை பெற்ற ஆபிரிக்க நாடுகளுள், தாம் செல்லவேண்டிய வழி இதுவென எழுத்தில் வகுத்து, அதன்படி ஒழுக முயன்றவை மிகச் சிலவே. அவற்றுள் தன்சானியா குறிப்பிடத்தக்கது. 1967 பெப்ரவரி 5ஆம் நாள் வெளியிடப்பட்ட அருஷாப் பிரகடனம் அந்நாட்டின் எல்லைகளுக்கு அப்பாலும் பல்கலைக்கழக மண்டபங்களில் ஆர்வத்தோடு வாசிக்கப்பட்டது, விவாதிக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகளின் பின்னர், 1985இல், அப்பிரகடனத்தின் ஆசிரியரான யூலியஸ் நைரேரே தாமாகவே சனாதிபதிப் பதவியிலிருந்து விலகியபோது நாட்டின் கடைகளில் சவர்க்காரமும் சீனியும் துணியும் அரும்பொருள்களாயிருந்தன. அதே வேளையில் வயதுவந்தோரிற் பெரும்பான்மையோர் எழுதவும் வாசிக்கவும் கற்றிருந்தனர். ஒரே அரசு, ஒரே காலப்பகுதியில் இவ்விரண்டு பெறுபேறுகளையும் எவ்வாறு தந்தது என்னும் வினாவே இக்கட்டுரையின் தோற்றுவாயாகும்.

இவ்வினாவுக்கு இருவகை விடைகள் வழக்கமாகத் தரப்படுகின்றன. சமவுடைமைக் கொள்கையே தவறானது, ஆகவே வீழ்ச்சி தவிர்க்கமுடியாதது என்பர் ஒரு சாரார். கொள்கை நன்றே, ஆயின் வரட்சியும் எண்ணெய் விலையும் போரும் அதனைக் கெடுத்தன என்பர் மறு சாரார். இரண்டிலும் உண்மையின் கூறு உண்டு. எனினும் தன்சானியாவின் வரலாற்றை நெருங்கி நோக்குமிடத்து வேறொரு பிரச்சினை முன்னிற்பதைக் காணலாம். எதனைப் பயிரிடுவது, எங்கே வாழ்வது, விளைபொருளை யாரிடம் விற்பது என்பவற்றைத் தீர்மானிக்கும் உரிமை நிலத்தில் உழைப்பவனுக்கா, அவன் பெயரால் ஆளும் அரசுக்கா உரியது என்பதே அப்பிரச்சினை. அருஷாப் பிரகடனம் அவ்வுரிமையை உழைப்பவனுக்கு வாக்களித்தது. அதனை நிறைவேற்றப் புறப்பட்ட அரசு அவ்வுரிமையைப் படிப்படியாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது. இம்முரண்பாடு எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதை இனி நோக்குவோம்.

குடியேற்ற ஆட்சியின் மரபு

இன்றைய தன்சானியாவின் பெருநிலப்பகுதி 1885ஆம் ஆண்டு தொடக்கம் ஜேர்மனியரின் ஆதிக்கத்துள் வந்தது. குடியேற்ற நாட்டின் செலவை அந்நாடே ஈட்டித் தரவேண்டும் என்பது ஜேர்மனிய நிருவாகத்தின் எதிர்பார்ப்பாகும். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், தெற்குக் கரையோர மாவட்டங்களில் ஊர்கள்தோறும் பொதுப் பருத்தித் தோட்டங்கள் அமைக்கப்பட்டு, அவற்றிற் குறித்த நாள்கள் உழைக்குமாறு மக்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். தத்தம் வயல்களில் உணவுப்பயிருக்குக் களையெடுக்க வேண்டிய பருவத்தில் அரசின் பருத்திக்குக் களையெடுக்க வேண்டியதாயிற்று. கிடைத்த கூலியோ பெயரளவானது. 1905 யூலையில் மத்தும்பி மலைப்பகுதி மக்கள் பருத்திச் செடிகளைப் பிடுங்கி எறிந்தமையே மஜி மஜிக் கிளர்ச்சியின் தொடக்கமாயிற்று. ‘மஜி’ என்னும் சுவாஹிலிச் சொல் நீரைக் குறிக்கும். கிஞ்சிகித்திலே என்னும் சமயவாதி வழங்கிய மந்திர நீர் ஜேர்மனியரின் துப்பாக்கிக் குண்டுகளை நீராக்கிவிடும் என்ற நம்பிக்கை பல்வேறு இனக்குழுக்களை ஒன்றிணைத்தது. 1907 வரை நீடித்த அடக்குமுறையில் ஜேர்மனியர் வயல்களையும் தானியக் களஞ்சியங்களையும் எரித்தனர். போரிலும் அதனைத் தொடர்ந்த பஞ்சத்திலும் மாண்டோர் தொகை 75,000 என்றும், 3 இலட்சம் என்றும் பலவாறாக மதிப்பிடப்படுகின்றது.

முதலாம் உலகப்போரின் பின்னர் பிரித்தானியரிடம் கைமாறிய இந்நிலப்பகுதி தங்கனீக்கா எனப் பெயர் பெற்றது. 1893இல் ஹின்டோர்வ் என்னும் ஜேர்மனியரால் அறிமுகஞ் செய்யப்பட்ட சிசல் என்னும் கற்றாழை வகை பெருந்தோட்டப் பயிராக விரிவடைந்தது. சிறு நிலக்காரரோ கிளிமஞ்சாரோ மலைச்சாரலிலும் புக்கோபாவிலும் கோப்பியையும், விக்டோரியா ஏரிக்கரையிற் பருத்தியையும் பயிரிட்டனர். இவர்கள் தம் விளைபொருளை இடைத்தரகரின்றி விற்பதற்குக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தனர். 1933இல் உருவான கிளிமஞ்சாரோ சுதேசக் கூட்டுறவு ஒன்றியமும், 1950களில் போல் பொமானியின் தலைமையில் வளர்ந்த ஏரிக்கரைப் பருத்திக் கூட்டுறவுச் சங்கங்களும் ஆபிரிக்கா முழுவதிலும் பேர்பெற்றவை. குடியானவர் தமக்கென அமைத்துத் தாமே நடத்திய நிறுவனங்கள் விடுதலைக்கு முன்னரே இந்நாட்டில் வேரூன்றியிருந்தன என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பிரித்தானியரின் பெருந்திட்டங்களோ வேறு கதையைக் கூறுகின்றன. போருக்குப் பின்னர் பிரித்தானியாவில் நிலவிய சமையல் எண்ணெய்த் தட்டுப்பாட்டைப் போக்குவதற்காக, 1947இல் 30 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் நிலக்கடலை பயிரிடும் திட்டமொன்று தங்கனீக்காவில் தொடங்கப்பட்டது. கொங்குவா என்னுமிடத்தில் உழவு இயந்திரங்கள் பெருந்தொகையாகக் கொண்டுவந்து இறக்கப்பட்டன. அங்கு மழை போதாதென்பதையும், வரட்சிக் காலத்தில் மண் கல்லாக இறுகிவிடுமென்பதையும் உள்ளூரார் அறிவர். அவர்களை எவரும் கேட்டாரில்லை. 1951இல் திட்டம் கைவிடப்பட்டபோது ஏறத்தாழ 3 கோடி 60 இலட்சம் பவுண் வீணாகியிருந்தது. இதே காலத்தில் மண்ணரிப்பைத் தடுத்தலென்னும் பெயரால் மலைச்சரிவுகளிற் படிக்கட்டு வரம்புகள் அமைக்கவும் கால்நடைகளைக் குறைக்கவும் குடியானவர் சட்டத்தால் வற்புறுத்தப்பட்டனர். உலுகுரு மலைப்பகுதியில் 1955இல் இதற்கெதிராகக் கலகம் மூண்டது. 1954 யூலை 7ஆம் நாள் நைரேரேயின் தலைமையில் உருவான தங்கனீக்க ஆபிரிக்கத் தேசிய ஒன்றியம், அதாவது தானு கட்சி, கிராமங்களில் விரைந்து பரவியமைக்கு இத்தகைய வெறுப்பும் ஒரு காரணமாகும். கட்டாயப் பயிர்ச்செய்கைக்கு எதிரான எழுச்சியின் தோளில் ஏறியே விடுதலை இயக்கம் ஆட்சிக்கு வந்தது எனலாம்.

விடுதலையும் ஒருகட்சி அரசும்

1961 டிசெம்பர் 9ஆம் நாள் தங்கனீக்கா விடுதலை பெற்றது; அடுத்த ஆண்டு குடியரசாயிற்று. 1964 சனவரியிற் புரட்சி கண்ட சன்சிபார்த் தீவுகள் அவ்வாண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் அதனோடு இணைந்தன. இவ்வொன்றியமே தன்சானியா எனப் பெயர் பெற்றது. நூற்றிருபதுக்கு மேற்பட்ட இனக்குழுக்களைக் கொண்ட அந்நாட்டில் எக்குழுவும் தனித்து மேலாதிக்கம் செலுத்தும் எண்ணிக்கையுடையதன்று. கரையோர வணிகமொழியாகப் பரவிய சுவாஹிலி எல்லோருக்கும் பொதுவான தேசிய மொழியாயிற்று. நைரேரே தாமே சேக்ஸ்பியரின் ‘யூலியஸ் சீசர்’, ‘வெனிஸ் வணிகன்’ ஆகிய நாடகங்களைச் சுவாஹிலியில் மொழிபெயர்த்தார். பின்னையதற்கு அவர் இட்ட தலைப்பில் ‘வணிகன்’ என்ற சொல் ‘முதலாளிகள்’ எனப் பன்மையில் மாறியமை அவரது சிந்தனைப் போக்கைக் காட்டும்.

1965ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நாட்டை ஒருகட்சி அரசாக்கியது. ஆயினும் தேர்தல் வெறுஞ் சடங்காகிவிடவில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் தானு கட்சியினரே இருவர் போட்டியிட்டனர். ஒருவருக்கு மண்வெட்டியும் மற்றவருக்கு வீடும் சின்னங்களாக வழங்கப்பட்டன. அவ்வாண்டுத் தேர்தலில் நிதியமைச்சராயிருந்த பொமானி உட்பட அமைச்சர் சிலர் தோல்வியுற்றனர். ஆட்களை மாற்றும் உரிமை வாக்காளருக்கு இருந்தது. கொள்கையை மாற்றும் உரிமை கட்சியிடமே தங்கிற்று.

கட்சிக்கு வெளியே நின்ற அமைப்புகளின் கதியும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. 1962இல் விசாரணையின்றித் தடுத்துவைக்கும் சட்டம் நிறைவேறியது. 1963இற் பரம்பரைத் தலைவர்களின் ஆட்சியுரிமை நீக்கப்பட்டது. 1964இல், இராணுவக் கலகத்தை அடுத்து, சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனம் கலைக்கப்பட்டு அரசு சார்ந்த ஒரே தொழிற்சங்கம் அமைக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் தக்க நியாயம் கூறப்பட்டது. சிலவற்றுக்கு நியாயம் இருக்கவும் செய்தது. ஆயின் இவ்வரிசை எங்கே போய் முடியும் என்பதை அன்று எவரும் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

அருஷாப் பிரகடனம்

விடுதலையின் பின்னரான முதற் சில ஆண்டுகள் வெளிநாட்டு மூலதனத்தை நம்பியே கழிந்தன. 1964இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டத்துக்கு எதிர்பார்த்த உதவி வந்து சேரவில்லை. 1965இல் ஜேர்மனியப் பிரச்சினையில் மேற்கு ஜேர்மனியுடன் பிணக்கு ஏற்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரில் ரொடீசியாவின் வெள்ளையரது ஒருதலைப்பட்சப் பிரகடனத்தைப் பிரித்தானியா அடக்கத் தவறியதால் தன்சானியா அந்நாட்டுடன் இராசதந்திர உறவை முறித்துக்கொண்டது. 75 இலட்சம் பவுண் கடன் முடக்கப்பட்டது. கொள்கைக்கு விலை கொடுக்க நேர்ந்த இவ்வனுபவமே தன்னிறைவு பற்றிய சிந்தனையைக் கூர்மைப்படுத்திற்று.

உள்நாட்டிலும் ஒரு நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. 1966 ஒக்டோபரில், கட்டாயத் தேசிய சேவையையும் அக்காலத்துக்குரிய குறைந்த வேதனத்தையும் எதிர்த்து டார்-எஸ்-சலாம் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர் ஊர்வலமாகச் சென்றனர். முந்நூறுக்கு மேற்பட்டோரை நைரேரே ஊருக்குத் திருப்பியனுப்பினார். அதே வேளையில் தமது வேதனத்தை 20 வீதத்தால் குறைத்துக்கொண்டார். வறிய குடியானவரின் வரிப்பணத்திற் கற்றோர் தனியொரு வகுப்பாகிவிடுவர் என்ற அவரது அச்சம் அருஷாப் பிரகடனத்தில் நேரடியாக வெளிப்பட்டது. அமைச்சர், கட்சித் தலைவர், உயர் அதிகாரி எவரும் கம்பனிகளிற் பங்கு வைத்திருத்தலோ, பணிப்பாளராயிருத்தலோ, இரண்டு வேதனம் பெறுதலோ, வீடுகளை வாடகைக்கு விடுதலோ கூடாதெனத் தலைமைத்துவ விதிகள் பணித்தன. வங்கிகள், காப்புறுதி, முக்கிய ஏற்றுமதி இறக்குமதி நிறுவனங்கள் என்பன அரசுடைமையாயின. சிசல் தோட்டங்களிற் பெரும்பங்கை அரசு ஏற்றது.

பிரகடனத்தின் உயிர்நாடி கிராமம் பற்றிய பகுதியாகும். பணமே வளர்ச்சியின் அடிப்படை என்ற கருத்தை அது மறுத்தது. மக்கள், நிலம், நற்கொள்கை, நல்ல தலைமை ஆகியவற்றை முன்வைத்தது. நகரவாசிகள் குடியானவரைச் சுரண்டும் அபாயம் பற்றியும் அது எச்சரித்தது. வெளிநாட்டுக் கடனில் நகரத்திற் கட்டப்படும் தொழிற்சாலைக்கான கடனைக் கோப்பியும் பருத்தியும் விற்றுக் குடியானவனே இறுதியில் இறுக்குகின்றான் என்பது அதன் வாதம். அவ்வாண்டு செப்டெம்பரில் வெளிவந்த மற்றோர் அறிக்கையில் ‘உஜமா’ என்னும் சொல்லால், அதாவது குடும்பப் பிணைப்பு என்னும் கருத்தால், கூட்டாக வாழ்ந்து கூட்டாக உழைக்கும் கிராமங்களை நைரேரே விதந்துரைத்தார். இக்கிராமங்கள் மக்களின் விருப்பத்தினாலேயே உருவாகவேண்டும், வற்புறுத்தல் கூடாது என்பதும் அவ்வறிக்கையிற் றெளிவாகக் கூறப்பட்டது.

ருவுமாவின் படிப்பினை

அத்தகைய கிராமங்கள் ஏற்கெனவே இருந்தன. நாட்டின் தென்கோடியில், மஜி மஜிக் கிளர்ச்சியின் களங்களுள் ஒன்றான சொங்கேயா மாவட்டத்தில், 1960களின் தொடக்கத்தில் தானு இளைஞர் சிலர் லித்தோவா என்னுமிடத்தில் காட்டைத் திருத்திக் குடியேறினர். மில்லிங்கா என்பார் இவர்களுக்குத் தலைமை தாங்கினார். முதலிற் பசியும் தோல்வியும் கண்ட இம்முயற்சி மெல்ல நிலைபெற்றது. காலப்போக்கிற் பதினேழு கிராமங்கள் ஒன்றுசேர்ந்து ருவுமா அபிவிருத்திச் சங்கத்தை நடத்தின. வேலைப்பங்கீடும் வருமானப் பங்கீடும் கிராமக் கூட்டங்களிற் றீர்மானிக்கப்பட்டன. தானியம் அரைக்கும் ஆலை, மரம் அரியும் ஆலை என்பன சங்கத்தின் உடைமைகளாயின. லித்தோவாப் பாடசாலையில் பிள்ளைகள் ஏட்டுக் கல்வியோடு கிராம வாழ்வுக்கு வேண்டிய தொழில்களையும் கற்றனர். நைரேரே இச்சங்கத்தைப் பெரிதும் மதித்தார். 1967ஆம் ஆண்டு அறிக்கைகளில் அதன் அனுபவத்தின் சாயல் தெரிகின்றது.

பிராந்தியக் கட்சித் தலைவர்களும் அதிகாரிகளும் இதனை வேறு கண்ணாற் பார்த்தனர். தமது ஆணைக்குக் காத்திராது தாமே கூடித் தீர்மானிக்கும் கிராமங்கள் அவர்களுக்கு உறுத்தலாயிருந்தன. 1969 செப்டெம்பரில் தானு மத்தியகுழு ருவுமா அபிவிருத்திச் சங்கத்தைக் கலைத்தது. அதன் உடைமைகள் எடுக்கப்பட்டன. ஆசிரியர்கள் வெவ்வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டனர். இனிமேல் உஜமாக் கிராமங்களை அமைக்கும் பணி கட்சிக்கே உரியதென்பது தெளிவாயிற்று. சங்கத்தைப் பாராட்டிய தலைவர் அதனைக் காப்பாற்ற முன்வராமை அல்லது இயலாமை, அக்காலத் தன்சானிய அரசின் இயல்பை நன்கு உணர்த்துகின்றது.

இதன் பின்னர் நிகழ்ந்த வேறு இரு சம்பவங்களையும் இதனோடு ஒப்பிடலாம். டார்-எஸ்-சலாம் பல்கலைக்கழக மாணவர் சிலர் 1969இல் ‘செச்சே’, அதாவது தீப்பொறி, என்னும் சஞ்சிகையைத் தொடங்கினர். வோல்டர் ரொட்னி போன்ற ஆசிரியர்கள் அங்கு பணியாற்றிய காலம் அது. சமவுடைமையை ஏற்றுக்கொண்ட அம்மாணவர், அதனை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட முடியாது என வாதிட்டனர். அரசுத்துறையை ஆளும் அதிகாரிகளே புதியதொரு ஆளும் வகுப்பாக உருவாகின்றனர் என இஸ்ஸா ஷிவ்ஜி என்னும் மாணவர் 1970இல் அதில் எழுதினார். அவ்வாண்டு நவம்பரிற் சஞ்சிகையும் அதனை வெளியிட்ட மாணவர் அமைப்பும் தடைசெய்யப்பட்டன. அடுத்து 1971இல் ‘முவொங்கோசோ’ என்னும் கட்சி வழிகாட்டி, தலைவர்கள் இறுமாப்புடனும் அடக்குமுறையாகவும் நடத்தல் ஆகாதெனப் பணித்தது. தொழிலாளர் அதனை உண்மையென்றே எடுத்துக்கொண்டு இறுமாப்புள்ள முகாமையாளருக்கெதிராக வேலைநிறுத்தங்களில் இறங்கினர். 1973இல் சில தொழிற்சாலைகளைத் தாமே கைப்பற்றி நடத்தவும் முற்பட்டனர். அவர்களும் அடக்கப்பட்டனர். கட்சியின் சொல்லை மக்கள் தம் சொல்லாகக் கொண்டு செயற்பட்ட இடங்களிலேயே கட்சி அவர்களைத் தடுத்தது. கொள்கையை எதிர்த்தவரைக் காட்டிலும் அதனை மெய்யென நம்பியவரே ஆட்சியாளருக்குப் பெருந் தொல்லையாயினர் போலும்.

கிராமமயமாக்கல்

விருப்பத்தின் பேரில் உஜமாக் கிராமங்களுக்குச் சென்றோர் தொகை எதிர்பார்த்த அளவுக்கு உயரவில்லை. செழிப்பான நிலமுள்ள கிளிமஞ்சாரோவிலும் புக்கோபாவிலும் மக்கள் அசையவேயில்லை. வற்புறுத்தல் மெல்லத் தலைதூக்கிற்று. இரிங்கா பிராந்தியத்தின் இஸ்மானிப் பகுதியில் சோளம் பயிரிட்டு வசதிபெற்ற கமக்காரரின் நிலங்களைக் கூட்டுடைமையாக்க முயன்ற பிராந்திய ஆணையாளர் கிளெரு, 1971 நத்தார் தினத்தன்று முவாமுவின்டி என்னும் கமக்காரராற் சுட்டுக்கொல்லப்பட்டார். கமக்காரர் தூக்கிலிடப்பட்டார். இரு தரப்பும் எவ்வளவு தூரம் சென்றுவிட்டன என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டியதில்லை.

1973 நவம்பரில் நைரேரே, கிராமங்களில் வாழ்தல் இனி விருப்பத்துக்குரியதன்று, ஆணையாகும் என அறிவித்தார். 1976ஆம் ஆண்டு முடிவே எல்லையாகக் குறிக்கப்பட்டது. கூட்டு உழைப்பு என்னும் இலட்சியம் இங்கே பின்தள்ளப்பட்டது. சிதறி வாழ்ந்தோரை ஓரிடத்திற் சேர்த்துப் பாடசாலை, மருந்தகம், குடிநீர் என்பவற்றை வழங்குவதே நோக்கமாயிற்று. இந்நோக்கம் இழிவானதன்று. ஆயின் அது செயற்பட்ட விதமே வினாவுக்குரியது. மாவட்ட அதிகாரிகள் ஒருவரையொருவர் முந்தினர். பாரவண்டிகளும் படையினரும் பயன்படுத்தப்பட்டனர். மக்கள் திரும்பிச் செல்லாதிருக்கும்பொருட்டுச் சில இடங்களிற் பழைய வீடுகள் எரிக்கப்பட்டன. 1977 அளவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பதிவுபெற்ற கிராமங்களில் வாழ்ந்தனர். ஆபிரிக்க வரலாற்றில் ஓர் அரசு மேற்கொண்ட மிகப் பெரிய குடிபெயர்ப்புகளுள் இதுவும் ஒன்றாகும்.

புதிய கிராமங்கள் பெரும்பாலும் பெருந்தெருக்களின் ஓரமாக, அதிகாரியின் வண்டி சென்றடையக்கூடிய இடங்களில் நேர்கோட்டில் அமைந்தன. எந்த மண் எந்தப் பயிருக்கு ஏற்றது, நீர் எத்தனை குடும்பத்துக்குப் போதும், வயல் எவ்வளவு தூரம் என்பன பல இடங்களில் எண்ணப்படவில்லை. மரமுந்திரிகை இதற்குச் சிறந்த உதாரணமாகும். தெற்குக் கரையோரத்தின் முக்கிய வருவாயான இதன் உற்பத்தி 1973-74இல் ஏறத்தாழ 1 இலட்சத்து 45 ஆயிரம் தொன் ஆகும். குடியானவர் மரங்களை விட்டுத் தொலைவிற் குடியேற்றப்பட்டனர். மரத்தடியைத் துப்புரவாக்காது, விழுந்த கொட்டையை நாள்தோறும் பொறுக்காது விட்டால் மரமுந்திரிகையால் வருவாய் இல்லை. விலைக்குறைவும் நோயும் சேர்ந்துகொள்ள, 1980களின் பிற்பகுதியில் உற்பத்தி 20 ஆயிரம் தொன்னுக்குக் கீழ் வீழ்ந்தது. கொங்குவாவில் நிலக்கடலைக்கு நேர்ந்த அதே பிழை, அதாவது நிலத்தை அறிந்தவனைக் கேளாது நிலத்தைத் திட்டமிடும் பிழை, இங்கும் நேர்ந்தது என்பதை எவரும் எளிதில் உணரலாம்.

கிராமமயமாக்கலுக்கு இணையாக வேறிரு கலைப்புகளும் நடைபெற்றன. 1972இல் தெரிவுசெய்யப்பட்ட உள்ளூராட்சிச் சபைகள் நீக்கப்பட்டு, தலைநகரிலிருந்து அனுப்பப்பட்ட அதிகாரிகள் பிராந்தியங்களை நிருவகித்தனர். ‘அதிகாரப் பரவலாக்கம்’ என்பதே இதற்கு இடப்பட்ட பெயராகும். 1976இற் கூட்டுறவு ஒன்றியங்களும் கலைக்கப்பட்டன. அவற்றுள் ஊழலும் திறமைக்குறைவும் மலிந்திருந்தமை உண்மையே. எனினும் அவற்றின் இடத்தைப் பிடித்த அரசப் பயிர் அதிகாரசபைகள் அவற்றினும் செலவு மிக்கவையாயின. சபைகளின் செலவு உயர, ஏற்றுமதி விலையிற் குடியானவனுக்குக் கிடைத்த பங்கு சுருங்கிற்று. விளைபொருளை ஒப்படைத்துவிட்டுப் பணத்துக்கு மாதக்கணக்கிற் காத்திருக்க நேர்ந்தது. முறையிடுவதற்கு முன்னர் தனக்கென ஒரு சங்கமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

இந்நிலையிற் குடியானவன் கலகஞ் செய்யவில்லை, ஒதுங்கிக்கொண்டான். ஏற்றுமதிப் பயிரை விட்டுத் தன் வீட்டுக்கு வேண்டிய உணவைப் பயிரிட்டான். மிஞ்சியதைக் கள்ளச் சந்தையில் விற்றான். எல்லையோரத்திற் கோப்பி கென்யாவுக்குக் கடத்தப்பட்டது. ஆபிரிக்கக் குடியானவர் எந்த வகுப்பினராலும் முற்றாகக் கைப்பற்றப்படாதவர் என கோரன் ஹைடன் என்னும் சுவீடிய அறிஞர் 1980இல் எழுதிய நூலில் விளக்கியது இதனைக் கொண்டேயாகும். ஆயினும் அவர் குடியானவரின் பழைய வாழ்முறையே இதற்குக் காரணமெனக் கொள்வது முழுவதும் ஏற்கத்தக்கதன்று. இதே மக்கள்தாம் நல்ல விலையும் தமது சங்கமும் இருந்த காலத்திற் கோப்பியையும் பருத்தியையும் உலகச் சந்தைக்கு அனுப்பியவர்கள். அவர்கள் ஒதுங்கியது சந்தையிலிருந்தன்று. தமக்குக் குரலில்லாத ஓர் ஏற்பாட்டிலிருந்தே.

நெருக்கடியும் பெறுபேறும்

புறக்காரணிகளையும் மறத்தல் ஆகாது. 1973-75ஆம் ஆண்டுகளின் வரட்சியும், 1973இலும் 1979இலும் ஏறிய எண்ணெய் விலையும் அந்நியச் செலாவணியை உறிஞ்சின. செயற்கை நார் வந்தமையாற் சிசலின் சந்தை வீழ்ந்தது. 1977இற் கிழக்காபிரிக்கச் சமூகம் உடைந்தது. 1978இல் இடி அமீனின் படை ககேராவை ஆக்கிரமிக்க, தன்சானியா போரிட்டு 1979 ஏப்பிரலிற் கம்பாலாவைக் கைப்பற்றியது. ஏறத்தாழ 50 கோடி டொலர் செலவாயிற்றென்பர். தன்னிறைவை முழங்கிய நாடு வெளிநாட்டு உதவியில் ஆபிரிக்காவிலேயே முன்னணியில் நின்றது முரண்நகையாகும். கிராமமயமாக்கல் நடந்த ஆண்டுகளில் உலக வங்கியும் வடஐரோப்பிய நாடுகளும் தாராளமாகப் பணம் வழங்கின. நாணயப் பெறுமதிக் குறைப்பைக் கோரிய சர்வதேச நாணய நிதியத்துடன் உடன்பட விரும்பிய நிதியமைச்சர் எட்வின் ம்டேய் 1979இற் பதவி துறந்தார். நைரேரே நிதியத்தைக் கண்டித்து நின்றார்.

மறுபக்கத்தையும் நோக்குவோம். 1961இல் ஆரம்பப் பாடசாலைகளிற் பயின்றோர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். 1980களின் தொடக்கத்தில் அத்தொகை 30 இலட்சத்தைத் தாண்டிற்று. அரசின் கணக்கின்படி 1970 அளவில் வயதுவந்தோரில் மூன்றில் இருபங்கினர் எழுத்தறிவற்றோர்; 1980களின் நடுப்பகுதியில் இது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காயிற்று. மருந்தகங்களும் குடிநீர்க் குழாய்களும் முன்னர் எட்டாத இடங்களை எட்டின. அயல்நாடுகளிற் பலவற்றை உலுக்கிய இனப்போர் இப்பெருநிலத்தில் மூளவில்லை. இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றவில்லை. முதலாவது தலைவர் தாமாகவே விலகினார். கல்வியும் மருத்துவமும் மொழியும் மக்கள் வேண்டியவை. அரசு அவற்றைக் கொண்டுசென்றபோது மக்கள் கைநீட்டி ஏற்றனர். எழுத்தறிவு இயக்கத்தை எவரும் துப்பாக்கிகொண்டு நடத்தவேண்டியிருக்கவில்லை. நிலமும் விளைவும் மக்களிடம் ஏற்கெனவே இருந்தவை. அரசு அவற்றைத் தன்வசமாக்கியபோதே அவர்கள் கைமூடினர். ஒரே அரசின் வெற்றியையும் தோல்வியையும் பிரிக்கும் கோடு இதுவேயென்று கருதலாம்.

1985இன் பின்னர்

நைரேரேயின் பின்வந்த அலி ஹசன் ம்வினியி 1986இற் சர்வதேச நாணய நிதியத்துடன் உடன்படிக்கை செய்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 17 ஷில்லிங்காயிருந்த நாணயப் பெறுமதி ஆண்டு முடிவில் 50ஐத் தாண்டி வீழ்ந்தது. கடைகளிற் பொருள்கள் நிறைந்தன; ஆனால் பாடசாலைகளிற் கட்டணம் புகுந்தது. சேர்ந்த பிள்ளைகளின் வீதம் சரிந்தது. 2001இல் ஆரம்பக் கல்விக்கான கட்டணம் நீக்கப்படும்வரை அந்நிலை நீடித்தது. 1991இற் சன்சிபாரிற் கூடிய கட்சி, தலைமைத்துவ விதிகளைத் தளர்த்தியது. அருஷாப் பிரகடனத்தின் அறநெறிப் பகுதி ஓசையின்றி விடைபெற்றது இவ்வாறுதான். 1992இற் பலகட்சி முறை மீண்டது. ஆயினும் 1977இல் தானுவும் சன்சிபார்க் கட்சியும் இணைந்து உருவான புரட்சிக் கட்சியே அதன் பின்னரும் தொடர்ந்து ஆண்டு வந்துள்ளது. 2025ஆம் ஆண்டுத் தேர்தல் நடைபெற்றபோது பிரதான எதிர்க்கட்சியின் தலைவர் இராசத்துரோகக் குற்றச்சாட்டிற் சிறையிலிருந்தார். சமவுடைமை போய்விட்டது, தீர்மானிக்கும் உரிமையை ஓரிடத்திற் குவிக்கும் பழக்கம் போகவில்லை.

நிலப் பிரச்சினையும் அவ்வாறே தொடர்கின்றது. கிராமமயமாக்கலால் எந்த நிலம் யாருக்குரியதென்ற சிக்கல் ஊர்தோறும் எழுந்தது. 1991இல் இதனை ஆராய நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவின் தலைவர், முன்னர் தடைசெய்யப்பட்ட மாணவர் சஞ்சிகையில் எழுதிய அதே இஸ்ஸா ஷிவ்ஜியே. நாடெங்கும் மக்களின் சாட்சியங்களைக் கேட்ட அவ்வாணைக்குழு, கிராம நிலத்தின் மீதான இறுதியுரிமை கிராமப் பொதுச்சபைகளிடம் இருக்கவேண்டுமென விதந்துரைத்தது. 1999ஆம் ஆண்டுக் கிராம நிலச் சட்டம் கிராமச் சபைகளுக்கு நிருவாக அதிகாரத்தை வழங்கிற்று. ஆனால் நிலம் முழுவதற்கும் நம்பிக்கைப் பொறுப்பாளராகச் சனாதிபதியே நீடித்தார். சுற்றுலாவுக்கும் பெருந்தோட்டங்களுக்கும் நிலம் தேடப்படும் காலத்தில் இவ்வேறுபாடு வெறுஞ் சட்ட நுணுக்கமன்று.

முடிவுரை

1984இல் வழங்கிய பேட்டியொன்றில் நைரேரே, மீண்டும் தொடங்க நேர்ந்தால் தாம் செய்யாது விடக்கூடியவற்றுள் உள்ளூராட்சியை ஒழித்தமையையும் கூட்டுறவுச் சங்கங்களைக் கலைத்தமையையும் குறிப்பிட்டார். அவரை விமரிசித்தோர் எழுதிய பல நூல்களிலும் கூர்மையான தீர்ப்பு இதுவாகும். பிழையென அவர் கண்டவை இரண்டும் பொருளாதாரக் கணக்குகள் அல்ல; மக்கள் கூடித் தீர்மானிக்கும் இடங்களைப் பறித்தமையே அவை. அவர் பட்டியலில் ருவுமாவும் இடம்பெற்றிருக்கலாம்.

சுருங்கக் கூறின், தன்சானியாவின் அனுபவம் ஏழை நாடொன்று சமத்துவத்தை நாடலாகாது என்பதைக் காட்டவில்லை. சமத்துவத்தை நாடிய தலைவரின் நேர்மையும் அங்கு ஐயத்துக்குரியதன்று. நேர்மையான தலைவரும் நியாயமான கொள்கையும் இருந்தும், அக்கொள்கையைத் திருத்தும் ஆற்றல் மக்களிடம் இல்லாதவிடத்து, பிழைகள் பிழைகளாகத் தெரியவரவே பத்தாண்டுகள் சென்றன என்பதையே அது காட்டுகின்றது. 1905இற் பருத்தியைப் பிடுங்கி எறிந்தவர், 1955இல் வரம்பு கட்ட மறுத்தவர், 1970களில் மரமுந்திரிகையை விட்டு ஒதுங்கியவர் ஆகிய அனைவரும் ஒரே வினாவையே மூன்று அரசுகளிடம் எழுப்பினர். முதலிரு அரசுகளும் அந்நியருடையவை; விடை கூறும் கடப்பாடு தமக்கில்லை என அவை கருதின. மூன்றாவது அரசு அம்மக்களுடையதே. ஆதலால் அதன் மௌனமே வரலாற்று மாணவனுக்கு மிகுந்த பாடங் கற்பிப்பதாகும்.